நோவும் நெஞ்சமும்: கோலார் தங்கவயல் தரும் படிப்பினை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. ஒடிந்த எலும்பைப் படம் பிடித்துப் பார்க்கலாம். வீங்கிய முழங்காலைத் தொட்டு அறியலாம். வலியை மட்டும் வலிப்பவன் ஒருவனே அறிவான். மற்றவர்கள் அவன் சொல்லை நம்பலாம், அல்லது நம்பாதிருக்கலாம். இந்த நம்பிக்கையும் நம்பாமையும் பேச்சளவில் நின்றுவிடுவன அல்ல. அடிபட்டவனுடைய அச்சம், கவலை, எதிர்பார்ப்பு, சுற்றியுள்ளோர் அவனை நடத்தும் முறை ஆகிய யாவும் சேர்ந்து, அவன் உடல் தேறும் காலத்தை நீட்டவோ குறுக்கவோ செய்கின்றன. மருத்துவ உலகம் இதனைத் தெளிவாக ஒப்புக்கொள்ள நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத் தமிழர் உழைத்து வாழ்ந்த ஓர் ஊரின் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

அவ்வூர் கோலார் தங்கவயல். பிழைப்பை நாடித் தாயகத்தின் எல்லையைக் கடந்த தமிழர்கள் அமைத்துக்கொண்ட குடியிருப்புகளுள் அது மூத்த ஒன்று. அன்று மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. இன்று கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. 1802-ஆம் ஆண்டில் நில அளவைப் பணியில் இருந்த லெப்டினன்ட் வாரன் என்பவர், அப்பகுதி மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு அறிக்கை எழுதினார். பெங்களூரில் வாழ்ந்த லாவெல் என்னும் ஓய்வு பெற்ற படைவீரர் 1875-இல் மைசூர் அரசாங்கத்திடம் சுரங்கம் தோண்டும் உரிமை பெற்றார். லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ஐ ஒட்டிப் பொறுப்பேற்ற பின்னரே தொழில் வேரூன்றியது. மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க், பாலகாட் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

அந்த ஆழத்தில் பாறையைக் குடைந்தவர்களுள் மிகப் பலர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து, பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த ஏழைக் குடும்பத்தார். அவர்களுள்ளும் பெரும்பாலோர் ஆதி திராவிட மக்கள். கூண்டில் ஏறி இருளுக்குள் இறங்கிச் சென்று, குனிந்தும் முழந்தாளிட்டும் துளை போடுவதும், வெடி வைத்தபின் சிதறிய கல்லை வாரி வண்டியில் ஏற்றுவதும், கனத்த மரங்களைத் தாங்கி முட்டுக் கொடுப்பதும் அவர்களுடைய அன்றாட வேலை. சம்மட்டி கொண்டு கையால் துளையிட்ட காலத்தில் தோளும் மணிக்கட்டும் தேய்ந்தன. அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவி வந்தபோது அதன் அதிர்வு கையையும் முதுகையும் உலுக்கியது. மேலிருந்து கல் சரிந்து முதுகெலும்பு முறிவதும், வண்டிகளுக்கு இடையே விரல் நசுங்குவதும் சுரங்கத் தொழில் உள்ள இடமெங்கும் காணப்படும் விபத்துகளே.

தங்கவயலுக்கென்று தனியாக இன்னோர் ஆபத்தும் இருந்தது. ஆழம் கூடக் கூடப் பாறையின் மேல் அமுக்கமும் கூடியது; தாங்க இயலாத எல்லை வந்தபோது பாறை தானாகவே வெடித்துச் சிதறியது. ‘ஏர் பிளாஸ்ட்’ என்று அதற்கு அங்கே பெயர் வழங்கியது. மைசூர்ப் புவியியல் இலாகாவைச் சேர்ந்த ஸ்மீத் என்பவர் 1904-ஆம் ஆண்டிலேயே இதைக் குறித்துத் தனி அறிக்கை வெளியிட்டார். சில சமயம் மேலே ஊரிலுள்ள வீடுகளும் குலுங்கும். அந்தக் குலுக்கலை உணர்ந்தவுடன் வீட்டிலிருக்கும் பெண்களின் நெஞ்சில் எழும் முதல் கேள்வி எதுவாக இருந்திருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. 1988-இல் பாறை இயக்கவியலுக்கான தேசிய ஆராய்ச்சி நிலையம் தங்கவயலிலேயே நிறுவப்பட்டது.

ஆபத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. விபத்தில் அடிபட்ட ஒருவன் உடல் தேறி மறுபடியும் வேலைக்குப் போக வேண்டுமாயின், அவன் அதே கூண்டில் ஏறி அதே இருளுக்குள் இறங்க வேண்டும். எலும்பு ஒன்று சேர்ந்துவிடலாம். அடுத்த வெடிப்பு எப்பொழுது வரும் என்று காத்திருக்கும் நெஞ்சம் அவ்வளவு எளிதில் ஒன்றுசேர்வதில்லை. பட்ட காலிலே படும் என்ற பழமொழி வெறும் சோகப் பாட்டன்று. அடிபட்டவன் மனத்தில் ஓயாது ஒலிக்கும் எச்சரிக்கை அது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து துணைபுரிபவன் என்பன அவை. இவற்றுள் நோயுற்றவனையே அவர் முதலில் வைத்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. மருந்தும் மருத்துவனும் இருந்தும், நோயுற்றவனுடைய உள்ளமும் துணைபுரிபவரின் நடத்தையும் ஒத்துவராவிட்டால், நான்கு கால் நாற்காலி இரண்டு காலில் நின்ற கதையாகும். இயந்திரத் தொழில் பெருகிய பிறகு ஐந்தாவது கூறு ஒன்றும் வந்து சேர்ந்தது. வேலை கொடுப்பவரும், அவர் அளிக்க வேண்டிய நஷ்டஈட்டைக் கணக்கிடும் சட்டமும் அந்த ஐந்தாவது கூறு.

பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டது. பிற்காலத்தில் அதன் அட்டவணையில், கட்டைவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, சுட்டுவிரல் போனால் 14 சதவீதம் என்று உறுப்புக்கு உறுப்பு கணக்கு இருந்தது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. முன்பு தொழிலாளி முதலாளியின் இரக்கத்தையே நம்பியிருந்தான். ஆயினும் வலிக்கு அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது. விரலை இழந்தவன் கையை நீட்டினால் போதும். முதுகு வலிப்பவன் எதை நீட்டிக் காட்டுவான்? ஆகவே அவன் ஒவ்வொரு நாளும் தன் வலியை மெய்ப்பிக்க வேண்டியவனாகிறான். மெய்ப்பிக்க வேண்டிய வலி மறக்க முடியாத வலியாகிவிடுகிறது. காட்டிக்கொண்டே இருக்க வேண்டிய நோவைக் கைவிட்டு எழுவது எவ்வாறு?

தங்கவயலில் தொழிலாளியை ஐயத்தோடு நோக்கும் வழக்கம் வேறு வகையிலும் வேரூன்றியிருந்தது. பொன்னைத் திருடிச் செல்வார்களோ என்ற அச்சத்தால் சுரங்கத்தை விட்டு வெளிவருவோரைச் சோதனையிடுவது அங்கு நடைமுறை. 1930-இல், தொழிலாளர் யாவரும் விரல் ரேகை பதிந்து பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற திட்டம் வந்தபோது, தங்களைக் குற்றவாளிகளைப்போல் நடத்துவதா என்று கொதித்தெழுந்து அவர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கைரேகையைக் கேட்டுச் சந்தேகிக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத முதுகு வலியை யார் நம்பப்போகிறார்கள்? மேலும், தொடக்கக் காலத்தில் தலைமை வைத்தியர்கள் ஐரோப்பியர், நோயாளிகள் தமிழர். வலி ஒரு மொழியில் எழுந்து, மற்றொரு மொழியில் போய்ச் சேர வேண்டியிருந்தது. இன்று அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இந்தத் துன்பம் புதியதன்று.

இதே சிக்கல் மேனாடுகளிலும் எழுந்தது. இங்கிலாந்தில் ரயில் விபத்துகள் மிகுந்த காலத்தில், வெளிக்காயம் ஏதும் இல்லாதவர்களும் மாதக்கணக்கில் முதுகு வலியாலும் நடுக்கத்தாலும் உறக்கமின்மையாலும் அவதியுற்றார்கள். எரிக்சன் என்னும் ரண வைத்தியர் 1866-இல் இதனை ஆராய்ந்து, முதுகுத்தண்டு அதிர்ச்சியால் கேடுற்றதே காரணம் என்றார். ‘ரயில்வே முதுகு’ என்ற பெயரே ஏற்பட்டது. ரயில்வே கம்பெனி ஒன்றின் வைத்தியராக இருந்த ஹெர்பர்ட் பேஜ் 1883-இல் இதனை மறுத்து, தண்டில் கேடு இல்லை, விபத்தின் திகிலே காரணம் என்று எழுதினார். நீதிமன்றங்களில் இரு கட்சியாரும் இவ்விரு கருத்துகளையும் ஆயுதமாக்கினர். எலும்பில் கேடு இருந்தால் மெய்யான வலி, இல்லையேல் பாசாங்கு என்ற தவறான எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது. அந்தத் தவறு இன்றும் முழுவதும் மறைந்தபாடில்லை.

அதனை அசைத்தது ஒரு போர்க்களம். 1944-இல் இத்தாலி நாட்டு ஆன்சியோ போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயமுற்ற வீரர்களுள் பலர் வலிக்கு மருந்து வேண்டாம் என்று சொல்வதைக் கண்டு வியந்தார். பிற்பாடு 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், ஊரில் அறுவை சிகிச்சை பெற்ற பொதுமக்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். போர்வீரருள் ஏறத்தாழ மூவரில் ஒருவரே மருந்து கேட்டார். பொதுமக்களுள் ஐவரில் நால்வர் கேட்டனர். வீரனுக்குக் காயம் என்பது போரிலிருந்து விடுதலை. உயிர் தப்பிற்று, வீடு திரும்பலாம் என்ற ஆறுதல். ஊரில் இருப்பவனுக்கோ அதுவே துன்பத்தின் தொடக்கம். காயத்தின் அளவு மட்டுமன்றி, அந்தக் காயம் வாழ்க்கையில் என்ன பொருள் பெறுகிறது என்பதும் வலியின் அளவை முடிவு செய்கிறது என்றார் பீச்சர்.

இந்த அளவுகோலைத் தங்கவயலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். சுரங்கத் தொழிலாளிக்கு அடிபடுதல் என்பது விடுதலை அன்று. கூலி நிற்கும், கடன் ஏறும், கம்பெனி வீட்டில் குடியிருப்பதால் வேலை போனால் கூரையும் போகும். சொந்த ஊரில் நிலமும் இல்லை, திரும்பிச் சென்றால் பழைய இழிவே காத்திருக்கிறது. இத்தனை பொருளும் ஒரு முதுகு வலியின் மேல் வந்து ஏறுமானால் அதன் பாரம் எவ்வளவாகும்! அவன் வலியை மிகைப்படுத்துகிறான் என்று மேஸ்திரி நினைக்கலாம். அவன் மிகைப்படுத்தவில்லை, அவனுடைய வாழ்நிலையே வலியை மிகைப்படுத்துகிறது.

தொழிலாளியின் முதுகைக் குறித்து மிகச் சிறந்த பாடத்தைக் கற்பித்தவர்களும் சுரங்கத் தொழிலாளர்களே. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் மான்ஸ்ஃபீல்டு என்னும் ஊருக்கு அருகே, அடிபட்ட நிலக்கரித் தொழிலாளர்களுக்காக பெர்ரி ஹில் என்ற புனர்வாழ்வு நிலையம் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் ஏற்பட்டது. அதனை நடத்திய எலும்பு வைத்தியர் நிக்கல், முதுகெலும்பு முறிந்த 152 சுரங்கத் தொழிலாளர்களைக் குறித்த ஆய்வை 1949-இல் வெளியிட்டார். அக்கால வழக்கப்படி, முறிந்த எலும்பை இம்மியும் பிசகாமல் நேராக்கி மாதக்கணக்கில் மாவுக்கட்டில் வைப்பதே சிகிச்சை. நிக்கல் கண்டது வேறு. எலும்பு சிறிது கோணலாகவே சேர்ந்த பலர் முன்போலச் சுரங்கத்தில் கடும் வேலை செய்தார்கள். எலும்பின் அழகுக்கும் உழைக்கும் திறனுக்கும் நேரான தொடர்பு இல்லை. முறிவு நிலையாக இருந்து ஆபத்தில்லை என்று தெரிந்தால், கட்டில் முடக்குவதைவிட விரைவில் எழுப்பி முதுகுத் தசைகளைப் பயில்விப்பதே நலம் என்று அவர் காட்டினார். முறிவு நிலையற்றதாயின் வேறு சிகிச்சை வேண்டும் என்பதையும் அவர் பிரித்துச் சொன்னார். நிலையத்தில் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக உடற்பயிற்சி செய்தார்கள். தன்னைப் போன்ற ஒருவன் எழுந்து நடப்பதைக் கண்ணாரக் காண்பதற்கு ஈடான மருந்து எந்தப் புட்டியில் இருக்கிறது?

நெஞ்சத்தின் நிலை உடலின் வலியை எவ்வாறு மாற்றக்கூடும் என்பதற்கு உடற்கூற்று விளக்கமும் பின்னர்க் கிடைத்தது. 1965-இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இருவர் ‘வாயில்’ கொள்கையை வெளியிட்டனர். காயத்திலிருந்து எழும் செய்தி நேராக மூளைக்கு ஓடிவிடுவதில்லை. முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே செல்கிறது. அடிபட்ட இடத்தைத் தடவினால் வலி தணிவதும் அதனாலேதான். மூளையும் மேலிருந்து கட்டளை அனுப்பி அவ்வாயிலைத் திறக்கவோ மூடவோ செய்கிறது. அச்சமும் கவலையும் அதைத் திறந்து வைக்கும். நம்பிக்கையும், பிறிதொன்றில் ஈடுபட்ட கவனமும் அதைச் சாத்த உதவும். இக்கொள்கையின் நுணுக்கங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டன. அதன் அடிப்படை நிலைத்து நிற்கிறது. ஆகவே, உள்ளத்தால் கூடிய வலி பொய் வலி அன்று. நரம்பின் வழியே வந்து, உடலில் உணரப்படும் மெய்யான வலியே அது.

நம் தாய்மொழி இதனை முன்பே அறிந்திருந்தது போலும்! கால் உளைச்சல் என்கிறோம். மன உளைச்சல் என்றும் சொல்கிறோம். உடம்பு நோகிறது என்கிறோம். மனம் நொந்தது என்றும் சொல்கிறோம். உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே சொல்லை வழங்கியவர்கள் இரண்டையும் பிரித்து வேலி கட்டவில்லை. வலியின் வகைகளுக்கும் தமிழில் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, பிடிப்பு, எரிச்சல், தெறிப்பு, மரத்துப்போதல் என்று வைத்தியனுக்கு வழிகாட்டும் சொற்கள் எத்தனை! வேற்றுமொழி வழங்கும் ஊரில் வைத்தியரிடம் செல்லும்போது இவை யாவும் ‘வலி’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. நோயாளியின் பாதி நோவு சொல்லப்படாமலே வீடு திரும்புகிறது.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் இத்துறை வெகுவாக வளர்ந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் எலும்பு வைத்தியர் கார்டன் வாடெல் 1987-இல், இடுப்பு வலிக்கு நீண்ட ஓய்வு மருந்தாகாது, அதுவே நோயாக மாறுகிறது என்று வாதிட்டார். வலிக்குமோ என்று அஞ்சி அசையாதிருப்பவனுக்குத் தசை மெலிகிறது; மெலிந்த தசை சிறு வேலைக்கும் வலிக்கிறது; அவ்வலி முன்னைய அச்சத்தை மெய்யென்று காட்டுகிறது. செக்கு மாடு போல அவன் ஒரே வட்டத்தைச் சுற்றுகிறான். ஸ்வீடன் நாட்டு வால்வோ மோட்டார்த் தொழிற்சாலையில் இடுப்பு வலியால் பல வாரம் விடுப்பிலிருந்த தொழிலாளர்களுக்கு, வலியை அளவாக வைத்துக்கொள்ளாமல் முன்கூட்டிக் குறித்த அளவின்படி நாளுக்கு நாள் உடற்பயிற்சியைக் கூட்டிக் கொடுத்தனர். அவர்கள் மற்றவர்களைவிட விரைவில் வேலைக்குத் திரும்பியதாக 1992-இல் அறிக்கை வந்தது. அமெரிக்காவின் போயிங் விமானத் தொழிற்சாலையில் 3,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஆராய்ந்து 1991-இல் வெளியான முடிவு இன்னும் சிந்திக்கத் தக்கது. தம் வேலையில் பெரும்பாலும் மகிழ்ச்சி காணாதவர்கள், மகிழ்ச்சி கண்டவர்களைவிட இரண்டரை மடங்கு மிகுதியாக முதுகுக் காயம் என்று முறையிட்டனர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல், முதுகு வலித்தாலும் இயன்றவரை நடமாடுங்கள் என்று தொலைக்காட்சி வாயிலாகப் பிரசாரம் செய்தபோது, மக்களின் அச்சமும் குறைந்தது. நஷ்டஈட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன.

இவற்றைப் படித்துவிட்டு, எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது, எழுந்து போ என்று தொழிலாளியை விரட்டுவது பெரும் பிழை. போயிங் ஆய்வு தொழிலாளியை மட்டும் சுட்டவில்லை. மகிழ்ச்சிக்கு இடமில்லாத வேலையையும் சுட்டுகிறது. தங்கவயலில் கல்தூள் படிந்து நுரையீரல் கெட்டவர்கள் பலர். அது மன உறுதியால் தீரும் நோயா? உள்ளத்தின் பங்கை எடுத்துச் சொல்வது, பாதுகாப்பும் நியாயமான கூலியும் அளிக்கும் கடமையிலிருந்து முதலாளியை விடுவிப்பதற்காக அன்று. மாறாக, அக்கடமையில் மரியாதையும் அடங்கும் என்று காட்டுவதற்காக.

தங்கவயலிலிருந்து கிழக்கே பாலாற்றின் வழியே இறங்கினால் வேலூர் வருகிறது. சுரங்கத் தொழிலாளர் பலருடைய முன்னோரின் மாவட்டம் அது. அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த இளம் வைத்தியர் மேரி வர்கீஸ், 1954-இல் நிகழ்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு கேடுற்று இரு கால்களும் இயங்காதவரானார். கால்கள் மீளவில்லை, ஆனால் அவர் மீண்டார். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சீர்படுத்துவதில் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்டு ஊக்குவிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்த அறுவை சிகிச்சையைச் செய்யப் பயின்றார். நிற்க இயலாத ஒருவர் பிறர் கைகளை இயங்கச் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று, புனர்வாழ்வு மருத்துவத்தில் முன்னோடியான டாக்டர் ஹோவர்டு ரஸ்கின் நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1963-இல் வேலூரில் அத்துறையைத் தொடங்கினார். 1966-இல் அங்கே நோயாளிகள் தங்கிப் பயிலும் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. காயம் ஆறுவது வேறு, வாழ்வு மீள்வது வேறு என்பதை அவருடைய வரலாறு போல விளக்குவது அரிது. உறுப்பு பழைய நிலைக்கு வராவிடினும் மனிதன் தன் இடத்துக்கு வரலாம். அதற்கு அவன் செய்யத்தக்க வேலை ஒன்று வேண்டும். உன்னால் முடியும் என்று பொய்யின்றிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இனி, வள்ளுவர் சொன்ன நான்காவது கூறாகிய துணைபுரிபவரைப் பற்றியும் எண்ணிப் பார்ப்போம். தங்கவயல் மக்கள் தங்களுக்கென்று வலுவான துணைகளை அமைத்துக்கொண்டவர்கள். லைன் வீடுகளில் சுவரோடு சுவராக வாழ்ந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் 1907-ஐ ஒட்டி மாரிகுப்பத்தில் கிளை கண்டது. கோயில், மாதா கோயில், சங்கம், வாசகசாலை, பந்தாட்டக் குழு என்று ஒருவனைத் தனித்து விடாத ஏற்பாடுகள் பல இருந்தன. அடிபட்டவனைக் காண வருவோர், அவனை இன்னும் தங்களுள் ஒருவனாகவே நடத்துவது அவனுக்குப் பெரும் பலம். ஆயினும் அன்பு அளவு கடந்து தீங்காவதும் உண்டு. நீ குனியாதே, தூக்காதே, நடக்காதே என்று வீட்டார் நாள்தோறும் தடுத்தால், என் உடல் உடையும் பொருள் என்ற எண்ணமே அவனுக்கு வலுக்கும். திருப்பதி மாவட்டத்துப் புத்தூர்க் கட்டை நாடி நம்மவர் பலர் செல்வதன் காரணத்தையும் இங்கே ஆராயலாம். கட்டுபவரின் கைத்தேர்ச்சி ஒருபுறம் இருக்க, சரியாகிவிடும் என்று நம் மொழியில், நம் முகம் பார்த்துச் சொல்லும் சொல்லும் அதில் சேர்ந்திருக்கிறது. படம் பிடித்துப் பார்க்க வேண்டிய முறிவுக்கு அச்சொல் ஈடாகாது. ஆனால் படம் பிடிக்கும் மருத்துவமனையும் அச்சொல்லைக் கற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

தங்கவயலுக்கு நேர்ந்த கடைசி அடி பாறையிலிருந்து வந்ததன்று. சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசாங்கத்தின் உடைமையாயின; 1962-இல் மத்திய அரசிடம் சென்றன; 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஏற்பட்டது. பொன் எடுக்கும் செலவு பொன்னின் விலையை மிஞ்சிப் பல்லாண்டு நட்டம் வளரவே, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று ஒரு தலைமுறையின் உடல்கள் வேலையிலிருந்து வீடு திரும்பின. அவற்றோடு பழைய காயங்களும் திரும்பின. வேலை இருந்தபோது பொறுத்துக்கொண்ட முழங்கால் வலி, வேலை போனபின் பொறுக்க இயலாததாயிற்று என்று ஒரு முதியவர் சொன்னால் நாம் வியப்படையலாகாது. முன்பு அந்த வலிக்கு ஒரு பொருள் இருந்தது. பிள்ளைகளின் சோறு அதில் இருந்தது. கம்பெனியின் மருத்துவமனையும் மூடப்பட்டது. 2021-இல் கொரோனா நோய் பரவியபோது, பாழடைந்து கிடந்த அதனைத் தொண்டர்கள் தூய்மைசெய்து மீண்டும் படுக்கைகள் இட்டனர். இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். நின்றுகொண்டே செல்லும் அப்பயணத்திலும் முதுகுக்கு வேலை இருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கைக்கொள்ளத் தக்கவை சில உண்டு. விழுந்தோ அடிபட்டோ முதுகில் கடும் வலி ஏற்பட்டாலும், கால் மரத்து வலுவிழந்தாலும், சிறுநீர், மலம் அடக்க இயலாது போனாலும், காய்ச்சலோ உடல் மெலிவோ கூட வந்தாலும், தாமதியாமல் மருத்துவமனை சேர வேண்டும். அங்கே தைரியம் பேசுவது தகாது. அத்தகைய குறி எதுவும் இல்லை என்று வைத்தியர் தேர்ந்து சொன்ன பிறகு, ஓரிரு நாளுக்கு மேல் படுக்கையை நாடாதிருப்பது நன்று. இன்று பத்து அடி, நாளை பதினைந்து அடி என்று அளவு குறித்து நடக்கலாம். வலி சிறிது கூடினால் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டுவதில்லை. வைத்தியரிடம் செல்லும்போது வலியை மட்டுமன்றி, எதை அஞ்சுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். மொழி தெரியாவிடில் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் வெட்கம் இல்லை. அடிபட்டவரின் வீட்டார் அவருக்குச் செய்ய வேண்டிய முதல் உதவி அவரை நம்புவது. இரண்டாவது உதவி, அவரால் செய்யக்கூடியதை அவரையே செய்ய விடுவது.

தங்கவயலின் ஆழத்திலிருந்து எண்ணூறு டன்னுக்கும் மேற்பட்ட பொன் வெளிவந்தது. அதனை எண்ணிக் கணக்கிட்டவர்கள் உண்டு. எடுத்தவர்களின் நோவைக் கணக்கிட்டவர்கள் இல்லை. அக்கணக்கை இனி எழுத இயலாது. ஆனால் நம் வீட்டில், நம் தெருவில், நாம் குடியேறிய ஊரில், எனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்கலாம். அவர் தேறுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.